அளவு பற்றிய கவலையால் லாட்ஜ் வைத்தியர்களிடம் பணத்தை இழக்கும் வாலிபர்கள்: டாக்டர்கள் சொல்லும் உண்மை என்ன?

பெரம்பலூர்,

பொண்ணு பார்த்தாச்சு, நிச்சயம் முடிஞ்சாச்சு, மண்டபத்துக்கு அட்வான்சும் கொடுத்தாச்சு. ஆனால் மாப்பிள்ளைக்கு மட்டும் ராத்திரி தூக்கம் வருவதில்லை. "நமக்கு சின்னதா இருக்கே, கல்யாணத்துக்கு அப்புறம் மானம் போயிடுமோ" என்ற பயம். அப்பாவிடம் சொல்ல முடியாது. அண்ணனிடம் கேட்க கூச்சம். கூட்டாளியிடம் சொன்னால் டீக்கடை வரைக்கும் பரவிவிடும். கடைசியில் கண்ணில் படுவது சுவரில் ஒட்டிய நோட்டீஸ்தான்.

தமிழ்நாட்டில் எந்த ஊர் பஸ் நிலையத்துக்கு போனாலும் கட்டண கழிப்பிட சுவரிலும், மின்கம்பத்திலும் இந்த நோட்டீசை பார்க்கலாம். "ஆண்மைக்குறைவா? நரம்புத்தளர்ச்சியா? உறுப்பு சிறுத்துவிட்டதா? கவலை வேண்டாம்" என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கும். கீழே ஒரு செல்போன் நம்பர். மாதத்தில் இந்த தேதியில் இந்த ஊர் லாட்ஜில் முகாம் என்று பட்டியல். பெரம்பலூர், அரியலூர் மாதிரி திருச்சிக்கும் சென்னைக்கும் நடுவே இருக்கும் ஊர்களில், பெரிய டாக்டரை பார்க்க வெளியூர் போக வேண்டுமே என்று தயங்குகிறவர்கள்தான் இவர்களுக்கு சுலபமான வாடிக்கையாளர்கள்.

பத்திரிகைகளும் டி.வி.களும் இதில் சும்மா இருந்துவிடவில்லை. இதே விளம்பரங்களை வருஷக்கணக்கில் வாங்கிப் போட்டவைதான். அதையும் சொல்லித்தான் ஆகவேண்டும்.

லாட்ஜ் அறையில் என்ன நடக்கும்?

போனதும் நாடி பிடித்துப் பார்ப்பார்கள். "சின்ன வயசுல கைப்பழக்கம் இருந்துச்சா?" என்று கேட்பார்கள். இல்லை என்று சொல்லும் ஆம்பளை ரொம்ப கம்மி. உடனே முகத்தை சீரியசாக வைத்துக்கொண்டு, "அதான் நரம்பு செத்துப்போச்சு. இன்னும் ஆறு மாசம் விட்டா கஷ்டம்" என்று ஒரு போடு போடுவார்கள். அங்கேயே பையனுக்கு பாதி உயிர் போய்விடும்.

அப்புறம் லேகியம், சூரணம், தடவுவதற்கு எண்ணெய், பெயர் தெரியாத மாத்திரை. முதலில் சில ஆயிரம் ரூபாய் என்பார்கள். அடுத்த முறை வரும்போது "தங்க பஸ்பம் சேர்த்தால்தான் வேலை செய்யும்" என்று தொகை ஏறும். திருப்பூர் பனியன் கம்பெனியில் வேலை பார்த்து சேர்த்த பணமும், வெளிநாட்டில் இருந்து அனுப்பிய பணமும், தங்கச்சி கல்யாணத்துக்கு போட்ட சீட்டுப் பணமும் இப்படி போன கதைகள் டாக்டர்களிடம் வந்து சேர்கின்றன.

ஏமாந்தவன் போலீசுக்கு போவானா என்றால் போகமாட்டான். "எனக்கு பெரிசாக்கி தர்றேன்னு ஏமாத்திட்டாங்க" என்று ஸ்டேஷனில் எழுதிக்கொடுக்க எந்த ஆம்பளைக்கு மனசு வரும்? இந்த வியாபாரம் மருந்தை நம்பி நடக்கவில்லை. வெட்கத்தை நம்பித்தான் நடக்கிறது.

சரி, எவ்வளவுதான் சராசரி?

இதை அளந்து பார்த்தே எழுதியிருக்கிறார்கள். லண்டன் கிங்ஸ் கல்லூரி மனநல டாக்டர்கள் உள்ளிட்ட குழு, பல நாடுகளில் டாக்டர்களே அளந்து எடுத்த 20 ஆய்வுகளை ஒன்றாக சேர்த்து 2015-ம் ஆண்டு வெளியிட்டது. மொத்தம் 15 ஆயிரத்து 521 ஆண்கள். சாதாரண நிலையில் சராசரி நீளம் 9.16 செ.மீ., விறைத்த நிலையில் 13.12 செ.மீ. அதாவது சுமார் 5 அங்குலம். சுற்றளவு விறைத்த நிலையில் 11.66 செ.மீ. நூறு பேரை எடுத்தால் 90 பேர் விறைத்த நிலையில் ஏறக்குறைய பத்தரை முதல் 16 செ.மீ.க்குள் வந்துவிடுகிறார்கள்.

"அது வெள்ளைக்காரன் கணக்கு, நமக்கு ஒத்துவராது" என்பவர்களுக்கு பக்கத்து மாநில கணக்கும் இருக்கிறது. கேரளாவில் ஆரோக்கியமான 301 ஆண்களை அளந்த ஆய்வு 2007-ம் ஆண்டு வெளிவந்தது. சாதாரண நிலையில் 8.21 செ.மீ., இழுத்து அளந்தால் 10.88 செ.மீ., விறைத்த நிலையில் அளக்கப்பட்ட 93 பேரின் சராசரி 13.01 செ.மீ. லண்டன் கணக்குக்கும் நம்ம ஊர் கணக்குக்கும் விறைத்த நிலையில் ஒரு நூல் அளவுதான் வித்தியாசம்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று. சாதாரணமாக இருக்கும்போது சின்னதாக தெரிகிறவர்களுக்கு விறைக்கும்போது அதிகமாக நீளும். ஏற்கனவே பெரிதாக தெரிகிறவர்களுக்கு அவ்வளவு நீளாது. ஆற்றிலும் பம்புசெட்டிலும் கூட்டாளிகளோடு குளிக்கும்போது பார்த்து ஒப்பிடுவதெல்லாம் அர்த்தமே இல்லாத கணக்கு. குளிர்ந்த தண்ணீரில் எல்லோருக்கும்தான் சுருங்கும்.

இன்னொரு ஏமாற்று கண்ணிலேயே இருக்கிறது. நம்முடையதை நாம் மேலிருந்து கீழே குனிந்து பார்க்கிறோம். அடுத்தவனுடையதை எதிரில் நேராக பார்க்கிறோம். மேலிருந்து பார்த்தால் எதுவுமே குட்டையாகத்தான் தெரியும். தொப்பை இருந்தால் கேட்கவே வேண்டாம். அடிவயிற்று கொழுப்பு உறுப்பின் அடிப்பாகத்தை மூடிக்கொள்ளும். அதனால்தான் டாக்டர்கள் அளக்கும்போது ஸ்கேலை மேல்பக்கத்தில் வைத்து, அடிவயிற்று எலும்பில் படும்வரை அழுத்தி, அங்கிருந்து நுனி வரை அளக்கிறார்கள். குண்டான ஆள் உடம்பை குறைத்தாலே மறைந்திருந்த பகுதி வெளியே தெரியும். எந்த லேகியமும் செய்யாத வேலை இது.

67 பேரில் ஒருவருக்கு கூட இல்லை

இத்தாலியில் பிளாரன்ஸ் நகர டாக்டர்கள் 2002-ல் ஒரு ஆய்வு வெளியிட்டார்கள். "எனக்கு சின்னதாக இருக்கிறது" என்று சொல்லி ஆஸ்பத்திரிக்கு வந்த 67 பேரை அளந்து பார்த்தார்கள். மருத்துவ கணக்குப்படி நிஜமாகவே சின்னது என்று சொல்லும்படி ஒருவர் கூட இல்லை. இந்த நினைப்பு எப்போது வந்தது என்று விசாரித்தபோது, மூன்றில் இரண்டு பேர் சின்ன வயதில் கூட்டாளிகளோடு ஒப்பிட்டுப் பார்த்ததை சொன்னார்கள். மீதிப்பேர் வாலிப வயதில் ஆபாச படம் பார்த்த பிறகு என்றார்கள். அன்றைக்கு சி.டி., இன்றைக்கு செல்போன். படத்தில் நடிப்பவர்கள் அதற்கென்றே தேடிப்பிடித்து எடுக்கப்பட்டவர்கள். காமிரா கோணமும் சேர்ந்து கொள்கிறது. கிரிக்கெட் டீமில் சேரும் ஆளை பார்த்து "நான் மட்டும் ஏன் அப்படி பந்து போடவில்லை" என்று அழுவது மாதிரிதான் இது.

மனைவிக்கு போதாதோ என்ற கவலைக்கும் பதில் இருக்கிறது. 2006-ம் ஆண்டு வெளியான ஒரு இணையதள சர்வேயில் 52 ஆயிரம் ஆண்களும் பெண்களும் பதில் சொன்னார்கள். ஆண்களில் 55 சதவீதம் பேர்தான் தங்கள் அளவில் திருப்தி என்றார்கள். பெண்களில் 85 சதவீதம் பேர் தங்கள் துணையின் அளவில் திருப்தி என்றார்கள். பெண் உறுப்பில் உணர்ச்சி நரம்புகள் அதிகமாக இருப்பது வெளிப்பகுதியிலும் முன்பகுதியிலும்தான். உள்ளே ஆழத்தில் உணர்ச்சி கம்மி. ஆகவே நீளத்துக்கும் மனைவியின் சந்தோஷத்துக்கும் போடும் கணக்கு தப்புக்கணக்கு.

குழந்தை பிறப்பதற்கும் அளவுக்கும் சம்பந்தம் இல்லை. விந்தணு உற்பத்தியாவது விரையில். விறைப்பு வந்து, விந்து வெளியேறி, அது உரிய இடத்தில் சேர்ந்தால் போதும்.

நிஜமாகவே சின்னதாக இருப்பவர்கள் உண்டா என்றால் உண்டு, ஆனால் மிகவும் அபூர்வம். வளர்ந்த ஆணுக்கு இழுத்து அளந்தால் சுமார் 7 செ.மீ.க்கும் குறைவு, பிறந்த குழந்தைக்கு 2 செ.மீ.க்கும் குறைவு என்றால் ஹார்மோன் டாக்டர் பார்க்க வேண்டும். குழந்தையில் கண்டுபிடித்தால் சிகிச்சை பலன் கொடுக்கும். பருவ வளர்ச்சி முடிந்த பிறகு ஆரோக்கியமான ஆணுக்கு மாத்திரையோ எண்ணெயோ போட்டு நீளத்தை கூட்ட முடியாது.

சில அம்மாக்கள் குண்டான பையனை கூட்டிக்கொண்டு வந்து "பிள்ளைக்கு வளரவே இல்லை" என்று அழுவார்கள். பெரும்பாலும் கொழுப்புக்குள் புதைந்து இருக்கும், அவ்வளவுதான். டாக்டர் விரலால் அழுத்திக் காட்டினால் அம்மாவுக்கு போன உயிர் திரும்பி வரும்.

சிங்கப்பூரை கலக்கிய வதந்தி

இந்த பயம் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு 1967-ம் ஆண்டு சிங்கப்பூரில் நடந்ததை சொல்ல வேண்டும். பன்றிகளுக்கு காய்ச்சல் தடுப்பூசி போட்டிருந்த நேரம். "ஊசி போட்ட பன்றிக்கறியை தின்றால் ஆண் உறுப்பு உள்ளே இழுத்துக்கொள்ளும், ஆள் செத்துப்போவான்" என்று அக்டோபர் கடைசியில் ஒரு வதந்தி கிளம்பியது. அவ்வளவுதான். ஆண்கள் உறுப்பை கையால் பிடித்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள். கயிறு கட்டிக்கொண்டவர்களும், கிளிப் மாட்டிக்கொண்டவர்களும் உண்டு. உறுப்பு சுருங்கியதால் யாரும் சாகவில்லை. இழுத்துப்பிடித்ததால் காயம் பட்டவர்கள்தான் இருந்தார்கள். பதிவான கேஸ்கள் 469.

அரசாங்கமும் டாக்டர்களும் ரேடியோ, டி.வி.யில் தோன்றி, உறுப்பு உள்ளே போக வழியே கிடையாது, இது பயத்தால் வரும் மனநிலை என்று விளக்கினார்கள். அதன்பிறகு கூட்டம் மளமளவென்று குறைந்தது. 1982-ல் நம் நாட்டிலேயே அசாம், மேற்கு வங்காளம் பக்கம் இதே மாதிரி பீதி பரவியது. டாக்டர்கள் இதை 'கோரோ' என்கிறார்கள்.

இந்தியாவில் இதற்கு ஒரு தம்பி இருக்கிறது. விந்து போனால் சக்தி எல்லாம் போச்சு என்ற பயம். கை கால் வலி, களைப்பு, தூக்கமின்மை எல்லாவற்றுக்கும் "தாது போறதுதான் காரணம்" என்று நினைத்து வரும் நோயாளிகளை பார்த்து, மனநல டாக்டர் விக் என்பவர் 1960-ல் இதற்கு 'தாது நோய்க்குறி' என்று பெயர் வைத்தார். உலக மனநல புத்தகங்களில் 'தாத்' என்றே இது இடம்பிடித்துவிட்டது.

"ஒரு சொட்டு விந்து இத்தனை சொட்டு ரத்தத்துக்கு சமம்" என்பதெல்லாம் கதை. விந்தில் பெரும்பகுதி சுரப்பிகளில் ஊறும் திரவம்தான். விந்தணு சில சதவீதமே. எச்சில் ஊறுவது போல உடம்பு தினமும் உற்பத்தி செய்துகொண்டே இருக்கிறது. தூக்கத்தில் தானாக வெளியேறுவதும் இயற்கை. கைப்பழக்கத்தால் உறுப்பு சிறுக்காது, வளையாது, நரம்பு சாகாது. விஜய் டி.வி.யில் 'புதிரா புனிதமா' நிகழ்ச்சியில் டாக்டர் மாத்ருபூதம் சிரிக்க சிரிக்க இதைத்தான் சொல்லிக்கொண்டு இருந்தார். அவர் 2004-ல் காலமாகிவிட்டார். அந்த சந்தேகங்கள் மட்டும் இன்னும் சாகவில்லை.

சட்டம் என்ன சொல்கிறது?

இந்த விளம்பரங்களே சட்டப்படி தப்பு. மருந்து மற்றும் மாய வைத்தியம் (ஆட்சேபகரமான விளம்பரங்கள்) சட்டம் 1954-ம் ஆண்டிலேயே வந்துவிட்டது. தாம்பத்திய சக்தியை கூட்டுகிறேன், ஆண்மைக்குறைவை குணப்படுத்துகிறேன் என்று மருந்துக்கு விளம்பரம் செய்யக்கூடாது. நோட்டீஸ், லேபிள், வாய்மொழி அறிவிப்பு எல்லாமே விளம்பரம்தான். வெளிச்சத்தாலோ புகையாலோ அறிவித்தாலும் சேர்த்தி என்று சட்டத்தில் எழுதியே இருக்கிறது. முதல் தடவை 6 மாதம் வரை ஜெயில் அல்லது அபராதம், மறுபடியும் செய்தால் ஒரு வருடம் வரை. உறுப்பின் அளவை கூட்டுவதாக எந்த மருந்தும் சொல்லிக்கொள்ளக்கூடாது என்று மருந்து விதிகளிலும் தனியாக இருக்கிறது. ஆனாலும் சுவரில் நோட்டீஸ் காய்ந்தபாடில்லை.

போலி டாக்டர் என்று சந்தேகம் வந்தால் மாவட்ட மருத்துவ நலப்பணிகள் இணை இயக்குனர் அலுவலகத்தில் புகார் கொடுக்கலாம். சித்த வைத்தியர் என்று சொல்லிக்கொண்டால் மாவட்ட சித்த மருத்துவ அலுவலரிடம் கேட்கலாம். முறையாக ஐந்தரை வருடம் படித்த சித்த டாக்டர்கள் அரசு ஆஸ்பத்திரிகளிலேயே இருக்கிறார்கள். லாட்ஜ் ஆசாமிகளால் கெட்டபேர் அவர்களுக்கும்தான்.

லேகியத்தில் இன்னொரு ஆபத்தும் உண்டு. 'முழுக்க மூலிகை' என்று விற்கப்பட்ட எத்தனையோ பொட்டலங்களை பரிசோதித்தபோது உள்ளே சில்டெனாபில் என்ற அலோபதி மாத்திரைப் பொடி கலந்திருந்ததாக அமெரிக்க மருந்து கட்டுப்பாட்டு துறை திரும்பத்திரும்ப எச்சரித்து இருக்கிறது. 1998-ல் வயாகரா என்ற பெயரில் வந்த அதே மருந்துதான். டாக்டர் சொல்லி சாப்பிட்டால் நல்ல மருந்து. ஆனால் நெஞ்சுவலிக்கு நாக்கின் அடியில் வைக்கும் நைட்ரேட் மாத்திரை எடுப்பவர் இதை தெரியாமல் சாப்பிட்டால் ரத்தஅழுத்தம் திடீரென்று இறங்கி உயிருக்கே ஆபத்து. லேகியம்தானே என்று 55 வயது ஆள் வாங்கி சாப்பிட்டால் என்ன ஆகும் என்று யோசித்துப் பார்க்கலாம்.

ஆபரேஷன் விளம்பரமும் வருகிறது. கொழுப்பை ஊசியில் ஏற்றுவது, உறுப்பை தாங்கும் தசைநாரை வெட்டி நீளமாக்குவது இரண்டுமே பாதுகாப்பானது என்றோ பலன் தருவது என்றோ நிரூபிக்கப்படவில்லை என்பது அமெரிக்க சிறுநீரக அறுவை டாக்டர்கள் சங்கத்தின் நிலைப்பாடு. கட்டிகட்டியாக நின்றுபோனவர்கள், விறைக்கும்போது ஆட்டம் காணும் நிலைக்கு ஆளானவர்கள் உண்டு. உறிஞ்சும் பம்பு விறைப்பு வராதவர்களுக்கு உதவும் கருவி. நிரந்தரமாக நீளமாக்காது.

கவலைப்பட வேண்டியது வேற

அளவை நினைத்து மருகும் ஆம்பளைங்க, நிஜமாகவே பார்க்க வேண்டிய விஷயங்களை விட்டுவிடுகிறார்கள். டாக்டர்களுக்கு வருத்தமே இதில்தான்.

முதலில் விறைப்பு குறைவது. எப்போதாவது ஒருநாள் களைப்பிலோ பதற்றத்திலோ வராமல் போவது நோய் அல்ல. மாதக்கணக்கில் தொடர்ந்தால், அதுவும் 40 வயதுக்கு மேல் என்றால், சர்க்கரை, பிரஷர், கொழுப்பு மூன்றையும் பார்த்தே ஆகவேண்டும். உறுப்புக்கு போகும் ரத்தக்குழாய் இதயத்தின் ரத்தக்குழாயை விட மெல்லியது. அடைப்பு முதலில் அங்கே தெரியும், சில வருடம் கழித்து நெஞ்சில் தெரியும். நாட்டில் 10 கோடி பேருக்கு மேல் சர்க்கரை நோய் இருப்பதாக இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சில் ஆதரவில் நடந்து 2023-ல் வெளியான ஆய்வு சொல்கிறது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களை தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டு வாசலுக்கே வந்து சர்க்கரை, பிரஷர் பார்க்கிறார்கள். வயலுக்கு போய்விட்டேன், கிரஷருக்கு போய்விட்டேன் என்று ஆம்பளைங்கதான் நழுவுவது.

பீடி, சிகரெட், ஹான்ஸ் மூன்றும் ரத்தக்குழாயை சுருக்கும். குடித்தால் தெம்பு வரும் என்பது கூச்சம் விலகுவதை வைத்து சொல்வது. உடம்பில் நடப்பது நேர்மாறு.

அடுத்தது விரை. கைக்குழந்தையை வெந்நீரில் குளிப்பாட்டும்போது இரண்டு விரையும் பையில் இருக்கிறதா என்று தாய்மார்கள் தொட்டுப்பார்க்க வேண்டும். 6 மாதம் ஆகியும் இறங்காவிட்டால் டாக்டரிடம் காட்ட வேண்டும். ஒன்றரை வயதுக்குள் ஆபரேஷன் செய்துவிடுவது நல்லது. "பெரியவனானா தானா இறங்கிடும்" என்று விட்டால் பிற்காலத்தில் விந்தணு குறையும், புற்றுநோய் வாய்ப்பும் கூடும். சிறுநீர் துவாரம் நுனியில் இல்லாமல் அடிப்பக்கம் இருந்தால் அதற்கும் ஆபரேஷன் உண்டு. அந்த குழந்தைக்கு டாக்டரிடம் காட்டாமல் சுன்னத் செய்துவிடக்கூடாது. சரிசெய்ய அந்த தோல்தான் தேவைப்படும்.

பத்து பன்னிரண்டு வயது முதல் வாலிப வயது வரை, திடீரென்று ஒருபக்க விரையில் தாங்கமுடியாத வலி, வாந்தி வந்தால் விரை முறுக்கிக்கொண்டதாக இருக்கலாம். 6 மணி நேரத்துக்குள் ஆபரேஷன் செய்தால்தான் விரையை காப்பாற்ற முடியும். விளக்கெண்ணெய் தடவி விடியட்டும் என்று காத்திருந்தால் விரை போய்விடும். வெட்கப்படாமல் 108-க்கு போன் செய்ய வேண்டிய நேரம் இது. அதே மாதிரி, மாத்திரை போட்டு 4 மணி நேரத்துக்கு மேல் விறைப்பு இறங்காவிட்டாலும் அவசர கேஸ்தான்.

ஒரு விரை கொஞ்சம் கீழே தொங்குவது, லேசாக ஒருபக்கம் சாய்ந்திருப்பது எல்லாம் சாதாரணம். வலியில்லாத கெட்டியான கட்டி விரையில் தட்டுப்பட்டால் மட்டும் உடனே காட்ட வேண்டும். முன்தோல் பின்னால் வராமல் கிழிந்து வலிப்பவர்களுக்கு சின்ன ஆபரேஷன் போதும். கல்யாணத்துக்கு பயப்படும் பல வாலிபர்களுக்கு உள்ள ஒரே பிரச்சினை இதுதான். புண், சீழ், எரிச்சல் இருந்தால் அரசு ஆஸ்பத்திரி பால்வினை நோய் பிரிவில் இலவசமாக பார்க்கிறார்கள். மனைவிக்கும் சேர்த்து சிகிச்சை எடுக்கணும்.

மலடி பட்டம் யாருக்கு?

கல்யாணமாகி இரண்டு வருஷம் குழந்தை இல்லையென்றால் நம்ம ஊரில் முதலில் பேச்சு வாங்குவது பொண்ணுதான். ஸ்கேன், ரத்த டெஸ்ட், கோயில் கோயிலாக விளக்கு, மண்சோறு என்று அவளை அலையவிடுவார்கள். "எங்க வம்சத்துல ஆம்பளைக்கு குறை கிடையாது" என்று மாமியார் ஒரே வரியில் முடித்துவிடுவார். குழந்தையில்லாத தம்பதிகளில் ஏறக்குறைய பாதி பேரிடம் ஆணிடமும் குறை இருக்கிறது என்பதுதான் மருத்துவ உண்மை. உலகம் முழுக்க 6 பேரில் ஒருவர் வாழ்நாளில் இந்த பிரச்சினையை சந்திப்பதாக உலக சுகாதார நிறுவனம் 2023-ல் சொன்னது. பெண்ணுக்கு பத்து பரிசோதனை செய்வதற்கு முன்பு ஆணுக்கு ஒரே ஒரு விந்து பரிசோதனை செய்தால் பாதி விவரம் தெரிந்துவிடும். ஊசி குத்தும் வலி கூட கிடையாது. அதற்குத்தான் ஆம்பளைங்க வருவதில்லை.

காரணங்களில் முக்கியமானது விரைக்கு மேலே ரத்த நாளங்கள் புடைத்து சுருண்டு இருப்பது. பெரும்பாலும் இடதுபக்கம். நூறு ஆண்களில் 15 பேருக்கு இருக்கும். எல்லோருக்கும் தொல்லை தராது. ஆனால் குழந்தையில்லை என்று வரும் ஆண்களில் மூன்றில் ஒருவருக்கு மேல் இது காணப்படுகிறது. தேவைப்பட்டால் ஆபரேஷனில் சரிசெய்யலாம். வாலிப வயதில் வரும் பொன்னுக்கு வீங்கி விரையை பாதித்திருக்கலாம்.

விரை உடம்புக்கு வெளியே தொங்குவதற்கு காரணமே சூடு ஆகாது என்பதுதான். உடம்பை விட 2 முதல் 4 டிகிரி குறைவான சூட்டில்தான் விந்தணு நன்றாக உற்பத்தியாகும். சூளை, பாய்லர் பக்கம் நாள் முழுக்க நிற்பவர்கள், என்ஜின் சூட்டில் மணிக்கணக்கில் உட்கார்ந்து ஓட்டும் டிரைவர்கள் அடிக்கடி எழுந்து காற்றாட நிற்க வேண்டும், இறுக்கமான ஜட்டியை தவிர்க்க வேண்டும். அரியலூர் பக்கம் சுண்ணாம்புக்கல் லாரி ஓட்டுபவர்களுக்கு இது பொருந்தும். அதற்காக சிமெண்டு ஆலையில் வேலை பார்த்தால் குழந்தை பிறக்காது என்று யாரும் கிளப்பிவிடக்கூடாது. பருத்திக்கும் வெங்காயத்துக்கும் பூச்சிமருந்து அடிப்பவர்கள் கையுறை, முகமூடி போடாமல் அடிப்பதும் நல்லதல்ல.

இன்னொன்று ஜிம் ஊசி. உடம்பு ஏறவேண்டும் என்று டெஸ்டோஸ்டிரோன் ஊசி போடும் பையன்கள் கூடிவருகிறார்கள். ஆண் ஹார்மோன்தானே, ஆண்மை கூடும் என்று நினைக்கிறார்கள். வெளியில் இருந்து ஊசி ஏறினால் விரை வேலையை நிறுத்திக்கொள்ளும். விந்தணு அடியோடு நின்றுபோவதும் உண்டு. ஊசியை நிறுத்தி மாதக்கணக்கில், சிலருக்கு வருடம் தாண்டியும் காத்திருந்தால்தான் திரும்பும். புஜம் பெருத்து, வம்சம் நின்றுபோகிற கதை.

எங்கே போவது?

1995-ல் திருச்சியில் இருந்து பெரம்பலூர் பிரிந்து, 2007 நவம்பரில் அரியலூர் தனி மாவட்டமான பிறகும் பெரிய வைத்தியம் என்றால் திருச்சி பஸ் ஏறுவதுதான் வழக்கம். இப்போது அரியலூரில் அரசு மருத்துவக்கல்லூரி இருக்கிறது. 2022 ஜனவரி 12-ந்தேதி தமிழ்நாட்டில் ஒரே நாளில் திறக்கப்பட்ட 11 கல்லூரிகளில் இதுவும் ஒன்று. பெரம்பலூரில் மாவட்ட அரசு தலைமை ஆஸ்பத்திரி உள்ளது. புறநோயாளிகள் சீட்டு வாங்கும் இடத்தில் விவரம் எதுவும் சொல்ல வேண்டியதில்லை. "ஆபரேஷன் டாக்டரை பார்க்கணும்" என்றால் போதும், மீதியை டாக்டரிடம் தனியாக சொல்லிக்கொள்ளலாம். அளவு பற்றிய எண்ணம் மனசை விட்டு போகவே மாட்டேன் என்கிறது, வேலைக்கு போக முடியவில்லை, சாகலாம் போல தோன்றுகிறது என்றால் மனநல டாக்டரை பார்ப்பதுதான் சரியான வைத்தியம். 14416 என்ற எண்ணுக்கு எந்த நேரமும் போன் செய்யலாம், கட்டணம் இல்லை, பெயர் சொல்லாமலும் பேசலாம்.

விந்து பரிசோதனைக்கு போகிறவர்கள் 2 நாளைக்கு குறையாமலும் 7 நாளைக்கு மேல் போகாமலும் விந்து வெளியேறாமல் இருந்துவிட்டு போக வேண்டும். லேபில் கொடுக்கும் டப்பாவில் முதல் சொட்டில் இருந்து முழுவதும் பிடிக்கணும். சோப்பு, எண்ணெய் படக்கூடாது, ஆணுறையில் பிடித்து ஊற்றக்கூடாது. வீட்டில் எடுத்தால் வெயிலும் ஐசும் படாமல் சட்டைக்குள் வைத்து ஒரு மணி நேரத்துக்குள் லேபில் சேர்க்க வேண்டும். ஒரு மில்லியில் 1 கோடியே 60 லட்சம் அணுக்கள் இருந்தால் கீழ்வரம்பை தொட்டாச்சு என்பது உலக சுகாதார நிறுவனத்தின் 2021-ம் ஆண்டு கணக்கு. முதல் ரிப்போர்ட்டில் குறைவாக வந்தால் அதோடு முடிந்துவிட்டது என்று இடிந்துபோக வேண்டாம். காய்ச்சல் வந்திருந்தாலே எண்ணிக்கை இறங்கும். ஒரு விந்தணு உருவாகி முடிய சுமார் 74 நாள் ஆகும் என்பதால், பீடியையும் குடியையும் நிறுத்திவிட்டு மூன்று மாதம் கழித்து மறுபடியும் ஒருமுறை பரிசோதிக்க சொல்கிறார்கள் டாக்டர்கள்.